காலர் அக்கா குடிக்காத தண்ணீர்

காலையில் நிரப்பிக் கொண்டுபோன தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே வீடு திரும்பும். அந்தச் சட்டைத் தொழிற்சாலையின் மூன்றாவது லைனில் வேலை செய்த பெண்கள் யாருக்கும் அது விநோதமாகப் பட்டதில்லை. கத்தரிக்கோல் போல, நூல் சுற்றிய பாபின் டப்பா போல, பாட்டிலும் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய ஒரு சாமான். தொண்டை ஒட்டிக்கொள்ளும்போது மூடியைத் திறந்து நாக்கை நனைத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

காரணம், சூப்பர்வைசரின் மேஜையோரம் ஆணியில் தொங்கிய நீல நிற டோக்கன். கழிப்பறைக்குப் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பி வந்து ஆணியில் மாட்டிய பிறகுதான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். முப்பது பெண்களுக்கு ஒரே டோக்கன். ஒருத்தி எழுந்தால் லைன் முழுக்க அவள் முதுகைப் பார்க்கும். அந்தப் பார்வைக்குக் கூச்சப்பட்டே பலர் தாகத்தை மறந்தார்கள்.

அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சட்டையில் எதைத் தைக்கிறாளோ அதுவே அவள் பெயர். பாக்கெட் தங்கச்சி, பட்டன் அக்கா, கைப்பட்டி அக்கா. ஐம்பதைத் தாண்டிய காலர் அக்காதான் எல்லோருக்கும் மூத்தவள். சட்டையில் மற்றதெல்லாம் கொஞ்சம் கோணினால் மறைந்துவிடும், காலர் கோணினால் போட்டிருக்கிற ஆளே கோணலாகத் தெரிவான் என்பாள். தோள் இணைத்து வருகிற சட்டையை வாங்கிக் காலர் வைத்து அவள் தள்ளிவிட்டால்தான் பின்னால் இருக்கிறவர்களுக்கு வேலை. அவள் எழுந்து போனால் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதனால் அவள் எழுந்திருப்பதே இல்லை.

"ஆத்திரத்தை அடக்கலாம், மூத்திரத்தை அடக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. இந்த லைன்ல ரெண்டையும் அடக்கத் தெரிஞ்சவளுக்குத்தான் சம்பளம்" என்பாள் பட்டன் அக்கா. சிரிப்பார்கள். சிரித்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வார்கள்.

சூப்பர்வைசரை நேரில் மேடம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சைரன். மெஷின் இரைச்சலை மீறிக் கத்திக் கத்தி அவள் குரல் அப்படி ஆகிவிட்டது. அவள் கெட்டவள் இல்லை. டோக்கன் சட்டம் அவள் போட்டதும் இல்லை; மாடியில் கண்ணாடி அறையில் இருந்தவர்கள் போட்டது. எத்தனை சட்டை முடிந்தது என்று மேலே இருந்து அவளைக் கேட்பார்கள், அவள் கீழே வந்து இவர்களைக் கேட்பாள். வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு தாய். கல்யாணம் என்ற பேச்சு எப்போதோ நின்றுபோயிருந்தது. களைத்துப்போன மனிதர்கள் ஒருவரையொருவர் விரட்டிக்கொண்டு ஓடுகிற இடம் அது. யாரைக் குற்றம் சொல்வது?

ஒரு நாள் தொழிற்சாலையில் மருத்துவ முகாம் நடந்தது. ஐம்பதை நெருங்கியவர்களுக்கும் தாண்டியவர்களுக்கும் ஆளுக்கு ஒரு சிறு குழாய் கொடுத்து, மலத்தில் துளி எடுத்து வரச் சொன்னார்கள். முக்கால்வாசிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டுக் குழாயைத் தூக்கிப் போட்டார்கள். காலர் அக்காவுக்கு எதையும் வீணாக்கி வழக்கமில்லை. சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தாள்.

சில நாள் கழித்து முகாம் நர்ஸ் போன் செய்தாள். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் கலந்திருக்கிறதாம். மூலமாக இருக்கலாம், குடலுக்குள் சிறு சதை முளைத்திருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். உள்ளே பார்க்காமல் சொல்ல முடியாது. கொலோனோஸ்கோபி என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. கேமரா பொருத்திய மெல்லிய குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்ப்பார்கள். எந்த வழியாக என்று காலர் அக்கா கேட்டாள். நர்ஸ் சொன்னாள். காலர் அக்கா போனை வைத்துவிட்டாள்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. அவள் போகவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து தைக்கிறவளுக்கு மூலம் வராமல் வேறென்ன வரும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வலி இல்லை, பசி இருக்கிறது, பிறகு என்ன? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பது ஊருக்காகச் சொன்னது. இவள் தன் கண்ணிலிருந்தே அதை மறைத்து வைத்திருந்தாள். கடவுள் உடம்புக்குத் தனியாக ஒரு வாய் வைக்கவில்லை. வலியாகவும் ரத்தமாகவும்தான் அது பேசும். சில நோய்கள் அந்தப் பேச்சைக்கூடப் பேசாமல் வளரும். இதெல்லாம் அவளுக்கு யார் சொல்வார்கள்?

நர்ஸ் விடவில்லை. மறுபடி அவள் கூப்பிட்டபோது போனை எடுத்தது கணவர். கிடங்கு ஒன்றில் இரவுக் காவலாளி அவர். பகலில் தூங்குகிறவர், அதிகம் பேசாதவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மனைவி வேலையிலிருந்து வந்ததும் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"பாக்காம இருந்தா இல்லேன்னு ஆயிடுமா? என்னன்னு பாத்துடலாம் வா."

பெரிய ஆஸ்பத்திரியில் நாள் குறித்துக் கொடுத்தார்கள். அதற்கு முந்தின நாள் வீட்டிலேயே இருந்து வெறும் தெளிந்த திரவங்கள் மட்டும் குடித்து, சாயங்காலம் ஒரு பாக்கெட் பவுடரையும் மறுநாள் விடியலில் இன்னொன்றையும் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு வரச் சொன்னார்கள். இரண்டு நாள் லீவு கேட்க அவளுக்கு நா எழவில்லை. எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? ஒரு நாள் மட்டும் கேட்டாள். சைரன் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தாள்.

ஆகவே முந்தின நாளும் காலர் அக்கா வேலைக்குப் போனாள். வெறும் வயிற்றோடு காலர் வைத்தாள். பாட்டில் வழக்கம்போல அப்படியே இருந்தது. கால் பின்ன வீடு வந்து சேர்ந்தபோது கணவர் காவலுக்குக் கிளம்பிவிட்டிருந்தார். வரிசையாக நான்கு வீடு, கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கழிப்பறை. அவள் பாக்கெட்டைப் பிரித்தாள். ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும் என்று அதிலேயே போட்டிருந்தது. ஒரு லிட்டரா என்று அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இருபது வருஷமாக ஒரு மடக்கு குடிக்கும்போதும், அதற்காக எழுந்து போக வேண்டியிருக்குமே என்று கணக்குப் பார்த்த உடம்பு அது. வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் எத்தனை தடவை போவது?

மருந்துதானே முக்கியம், தண்ணீர் எதற்கு என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு டம்ளர் தண்ணீரில் முழுப் பவுடரையும் கொட்டி, கூழ் போலக் கலக்கி, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். விடியலிலும் அப்படியே.

ஆஸ்பத்திரியில் பின்பக்கம் திறந்த ஓர் அங்கியைக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். கையில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார்கள். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து முழங்காலை மடக்கச் சொன்னார்கள். தூக்கம் வருவதற்கு மருந்து கொடுத்ததாக ஒரு குரல் சொன்னது. அதற்குப் பிறகு எதுவும் நினைவில்லை.

கண் விழித்தபோது இளம் டாக்டரம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். அழுக்குப் படிந்த ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பது போல இருந்ததாம். குடல் சுத்தமாகவில்லை, பாதியில் நிறுத்திவிட்டோம், இரண்டு வாரம் கழித்து மறுபடி வர வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுவே காலர் அக்காவுக்குக் கஷ்டமாக இருந்தது. திட்டு வாங்கியிருந்தால் பழகின விஷயமாக இருந்திருக்கும்.

டிரிப்பைக் கழற்ற வந்த நர்ஸ் நடுவயதுக்காரி. கண்ணுக்குக் கீழே கருவளையம். நின்றுகொண்டே தூங்கிவிடுவாள் போலிருந்தாள். பவுடரை எப்படிக் கலந்தீர்கள் என்று கேட்டாள். காலர் அக்கா மறைக்காமல் சொன்னாள்.

"பவுடர் சுத்தம் பண்றதில்லம்மா, தண்ணிதான் சுத்தம் பண்ணுது. அந்தத் தண்ணியைக் குடல்லயே நிறுத்தி வைக்கறதுக்குத்தான் பவுடர்" என்றாள் நர்ஸ். "நாங்க சொன்ன அளவு ஏன் குடிக்கல?"

"பழக்கமில்ல சிஸ்டர்."

"தண்ணி குடிக்கவா?"

"எழுந்து போக."

நர்ஸ் ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்தி ஒட்டினாள். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு எத்தனையோ வேலை இருந்திருக்கும். இருந்தும் உட்கார்ந்தாள். மனிதருக்கு மனிதர் செய்கிற உதவிகளில், பக்கத்தில் உட்காருவதைக் கடவுள் தனியாக எழுதி வைத்துக்கொள்வார் என்று நம்பத் தோன்றுகிறது.

"இந்த டெஸ்ட்டை ரகசியமா எடுத்துக்க முடியாதும்மா. ஒரு நாள் முழுக்க வீடே உங்களுக்கு வழி விடணும். வேலை செய்யற எடமும் விடணும். அதனால யார்கிட்டயாவது சொல்லிடுங்க" என்றாள்.

காலர் அக்கா தலையை ஆட்டினாள். வெளியே பெஞ்சில், இரவுக் காவல் முடிந்து நேராக வந்த கணவர் உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பி நடந்தபோது, இனி இந்தப் பக்கமே வரக் கூடாது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள். பயத்தைவிட அசதி பெரிதாக இருந்தது. மறுபடி பட்டினி, மறுபடி அந்த அங்கி, மறுபடி லீவு கேட்டு நிற்பது. வருவது வரட்டும் என்று இருந்துவிடுவது எவ்வளவு சுலபம்.

ஆனால் அந்த வார்த்தை அவளை விடவில்லை. புற்றுநோயாகவும் இருக்கலாம். காலரைத் திருப்பிப் பிடிக்கும்போதும், ஊசிக்கு நூல் கோக்கும்போதும் அது காதுக்குள் கேட்டது. கை ஓரிடம், கண் ஓரிடம் ஆயிற்று. இரண்டாவது தேதிக்குச் சில நாட்களுக்கு முன்பு, ஒரு கட்டுச் சட்டைகளுக்குக் காலரை உள்பக்கம் வெளியாக வைத்துத் தைத்துவிட்டாள். இருபது வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

செக்கிங்கிலிருந்து கட்டு திரும்பி வந்தது. சைரன் அதைத் தூக்கிக்கொண்டு வந்து காலர் அக்காவின் மெஷின் மேல் போட்டாள்.

"அன்னிக்கு ஒரு நாள் லீவு வாங்கிட்டுப் போனீங்களே, கல்யாணத்துக்கா போனீங்க? வந்ததுலேர்ந்து நினைப்பெல்லாம் பந்தியிலயே இருக்கு."

நாலைந்து பேர் சிரித்தார்கள். காலர் அக்கா கட்டைப் பார்த்தாள். பதில் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. மறைத்து வைக்கவும் பலம் வேண்டும். அந்தப் பலம் அன்றைக்கு அவளிடம் தீர்ந்துபோயிருந்தது. குரலை உயர்த்தாமல், நூல் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள்.

"கல்யாணத்துக்கு இல்ல மேடம். பின்பக்கமா கேமரா விட்டுக் குடலைப் பாக்கப் போனேன். புத்துநோயா இருக்குமோன்னு சந்தேகப்படறாங்க. பாக்க முடியல, குடல் சுத்தமாகலயாம். இங்க தண்ணி குடிக்காம இருந்து இருந்து, அங்க குடிக்கச் சொன்னப்பவும் எனக்குக் குடிக்க வரல."

முதலில் பக்கத்து மெஷின் நின்றது. பிறகு அதற்கடுத்தது. ஒவ்வொன்றாக லைன் முழுக்க நின்றுபோய், பக்கத்து லைன்களின் இரைச்சல் மட்டும் கேட்டது. பின்னால் ஒரு சின்னப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பட்டன் அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பு அடங்கியது.

"மறுபடி எப்போ வரச் சொன்னாங்க?" என்று கேட்டாள் சைரன். அவளுக்கு இவ்வளவு மெல்லப் பேசத் தெரியும் என்பதே லைனுக்கு அன்றுதான் தெரிந்தது.

"வர்ற வியாழக்கிழமை. நான் போகல."

"ஏன்?"

"ரெண்டு நாள் லீவு வேணும் மேடம். காலர் யாரு வைப்பா?"

சைரன் கட்டைத் தூக்கிக்கொண்டு தன் மேஜைக்குப் போய்விட்டாள். சாப்பாட்டு வேளை முடிகிற நேரத்தில் வந்து காலர் அக்காவுக்குப் பின்னால் நின்றாள். கெட்டுப்போன காலர்களில் பாதியை அவளே பிரித்து முடித்திருந்தாள். சூப்பர்வைசர் ஆவதற்கு முன்னால் அவளும் காலர் வைத்தவள்தான்.

"புதன், வியாழன் ரெண்டு நாளும் நீங்க வரக் கூடாது. காலர் நான் வைக்கிறேன். மீறி வந்தீங்க, கேட்டுக்குள்ளயே விட மாட்டேன்" என்றாள், பழைய குரலில். அன்பாகப் பேசிப் பழகாதவர்கள் அன்பையும் அதட்டலாகத்தான் சொல்வார்கள்.

இந்தத் தடவை காலர் அக்கா எல்லாவற்றையும் சொன்னபடி செய்தாள். நாலு நாளைக்கு முன்பே கீரை, விதையுள்ள காய், தோலோடு தின்கிற பழம் எல்லாவற்றையும் நிறுத்தினாள். வெள்ளை ரொட்டியும் முட்டையும் வெறும் சோறுமாகச் சாப்பிட்டாள். புதன்கிழமை முழுக்கப் பால் விடாத தேநீர், வடிகட்டிய சூப், தெளிந்த ஆப்பிள் சாறு மட்டும். சிவப்பு நிறத்தில் எதையும் குடிக்கக் கூடாது, உள்ளே ரத்தம் போலத் தெரியும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்தாள்.

கணவர் காவலுக்கு லீவு சொல்லிவிட்டார். மத்தியானம் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், பக்கத்து மூன்று வீட்டுக் கதவையும் தட்டினார். உள்ளே உட்கார்ந்திருந்த அவளுக்கு அவர் குரல் கேட்டது.

"இன்னிக்கு சாயங்காலத்துலேர்ந்து நாளைக் காலை வரைக்கும் கக்கூஸை எங்களுக்கு விட்டுக் கொடுக்கணும். வீட்ல அவளுக்கு வயித்தைக் கழுவி ஒரு டெஸ்ட்டு. அவசரம்னா தெருமுனைக் கட்டணக் கழிப்பறை இருக்கு, கொஞ்சம் பாத்துக்குங்க."

காலர் அக்காவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாளியை இழுக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். கடைசி வீட்டுப் பெண் கழிப்பறையைக் கழுவிவிட்டு, பெரிய வாளி நிறையத் தண்ணீரும் ஒரு புது சோப்பும் வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். வாசலில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் அன்று நாற்காலிகளைத் தெருப்பக்கம் தள்ளிப் போட்டிருந்தார்கள். இத்தனை வருஷமாக எந்த முகங்களுக்குப் பயந்தாளோ, அந்த முகங்கள்தான்.

கணவர் ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து பவுடரைக் கரைத்தார். முதல் டம்ளரிலேயே அவளுக்குக் குமட்டியது. உப்பும் எலுமிச்சையும் கலந்தது போல ஒரு வழவழப்பு. இரண்டாவது டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, முடியாது என்று தலையை ஆட்டினாள். அவர் சமையலறைக்குப் போய் இன்னொரு டம்ளரில் வெறும் தண்ணீர் எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"நீ ஒண்ணு, நான் ஒண்ணு. யாரு முதல்ல தோக்கறாங்கன்னு பாப்போம்."

அவள் குடித்தாள், அவரும் குடித்தார். பவுடர் தீர்ந்த பிறகு குடிக்க வேண்டிய வெறும் தண்ணீரையும் அப்படியே ஆளுக்கொன்றாகக் குடித்தார்கள். வயிறு கடமுடா என்று உருளத் தொடங்கியது. அதற்குப் பிறகு அவள் எத்தனை தடவை போனாள் என்று யாரும் எண்ணவில்லை. ஒரு தடவை அவசரமாக எழுந்தபோது அவரும் எழுந்தார்.

"நீங்க எங்க?"

"நானும் அவ்வளவு தண்ணி குடிச்சிருக்கேன்ல."

"டெஸ்ட்டு எனக்குங்க. வரிசையில நில்லுங்க."

ரொம்ப நாளைக்குப் பிறகு இருவரும் சிரித்தார்கள்.

இடையில் பட்டன் அக்கா போன் செய்தாள். சைரன் காலர் மெஷினில் உட்கார்ந்த செய்தியைச் சொல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை. காலையில் முதல் கட்டே கோணலாம். யாரும் வாய் திறக்கவில்லையாம். மத்தியானத்துக்குள் கை பழையபடி வந்துவிட்டதாம். பாட்டில் நிறையத் தண்ணீர் பக்கத்தில் இருந்தும் சைரன் ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லையாம். யார் தடுத்தது என்று பட்டன் அக்கா கேட்டதற்கு, எழுந்தால் பின்னால் எல்லாரும் வேலையில்லாமல் உட்கார்ந்துவிடுவார்களே என்று சொன்னாளாம். சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவள் போலத் தையலை நிறுத்திவிட்டாளாம்.

"அப்புறம் எழுந்து போயி டோக்கனைக் கழட்டி டிராயர்ல போட்டுப் பூட்டிடுச்சு. போறவங்க போங்க, மேல கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்னுச்சு. நான் ரெண்டு பாட்டில் குடிச்சுட்டேன் அக்கா. சும்மா போய்ட்டுப் போய்ட்டு வரேன்."

விடியலில் இரண்டாவது பாக்கெட். கடைசியில் வெறும் மஞ்சள் நீராக, அடி தெரிகிற தெளிவாக வந்தது. அதுதான் அடையாளம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அதே நர்ஸ். வலி தெரியாது, எழுந்ததும் காற்று சேர்ந்து வயிறு உப்பினாற்போல இருக்கும், வெட்கப்படாமல் வெளியே விடுங்கள், இன்றைக்கு முழுக்க மெஷின் பக்கம் போகக் கூடாது, கூட வந்தவர்தான் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஊசி குத்த நரம்பைத் தேடினாள். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் குடித்த உடம்பில் நரம்பு தானே எழும்பி நின்றது. குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா என்று டாக்டரம்மா கேட்டாள். இல்லை என்றாள். இருந்திருந்தால் என்று காலர் அக்கா கேட்டதற்கு, இன்னும் சின்ன வயதிலேயே வரச் சொல்லியிருப்போம் என்றாள்.

ஒருக்களித்துப் படுத்தாள். இறைவனிடம் கேட்க எத்தனையோ இருந்தது. ஆனால், பார்க்கிறவர்களுக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டாள். அதற்குள் தூக்கம் வந்துவிட்டது.

எழுந்தபோது டாக்டரம்மாவின் முகத்தில் களைப்பும் ஒரு சிறு திருப்தியும் இருந்தன. காளான் போல இரண்டு சதை முளைகள் இருந்தனவாம். கம்பிச் சுருக்குப் போட்டு அப்போதே எடுத்துவிட்டார்களாம். ஒன்று பெரியது. இரண்டையும் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், அதிக ரத்தமோ கடுமையான வலியோ வந்தால் உடனே வர வேண்டும் என்றாள்.

முடிவு வரும்வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கணவர் பகலில் தூங்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். முடிவு சொல்லக் கூப்பிட்ட அன்று இருவரும் போனார்கள். பெரிய முளை மாறத் தொடங்கியிருந்தது. இன்னும் புற்றுநோய் ஆகவில்லை. எடுத்ததோடு தீர்ந்தது. மூன்று வருஷம் கழித்து மறுபடி வந்து பார்க்க வேண்டும். சில வருஷம் பார்க்காமல் விட்டிருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்து, முடிக்காமல் விட்டாள். கணவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வியர்வை என்றார்.

மறுநாள் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது சைரன் பக்கத்தில் வந்து நின்றாள். நல்ல செய்தி அவளுக்குக் காலையிலேயே தெரியும். இப்போது வேறு எதற்கோ வந்திருந்தாள். ஒரு பஸ் வந்தது, போயிற்று. இருவரும் ஏறவில்லை.

"வலிச்சுதா?" என்று கேட்டாள்.

"வலி இல்ல மேடம். வெட்கம்தான். அதுவும் அந்த ரூம் கதவு வரைக்கும்தான் கூட வந்துச்சு."

சைரன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். முகாமில் அவளுக்கும் குழாய் கொடுத்தார்களாம், தூக்கிப் போட்டுவிட்டாளாம். அவளுடைய அப்பா வயிற்று வலி என்று படுத்துப் போய்ச் சேர்ந்தவராம். குடலில் ஏதோ என்று சொன்னார்களாம். அந்த வார்த்தையை அதற்குப் பிறகு வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லையாம். அப்போது அவருக்கு இப்போதைய இவள் வயதுதானாம்.

குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று டாக்டரம்மா கேட்டது காலர் அக்காவுக்கு நினைவுக்கு வந்தது.

"அப்போ நீங்க எனக்கு முன்னாடியே போயிருக்கணும் மேடம். குழாய், கிழாய் ஒண்ணும் வேணாம். அப்பா கதையைச் சொன்னாலே நேரா கேமரா டெஸ்ட்டுக்கு நாள் கொடுப்பாங்க."

"கூட ஒரு ஆள் வரணுமாமே. எனக்கு யாரு இருக்கா? அம்மாவையா தூக்கிட்டுப் போக முடியும்?"

"நான் வரேன். அம்மாவைப் பட்டன் அக்கா பாத்துக்குவா."

"அப்போ காலரு?"

"ஒரு நாள் நிக்கட்டுமே. சட்டை நாளைக்கும் தைக்கலாம்."

இத்தனை காலம் மற்றவர்களுக்குக் கேட்கவேண்டும் என்று கத்தியவளுக்கு, தன் பயத்தைச் சொல்ல ஒரு பஸ் நிறுத்தம் வேண்டியிருந்தது. காலர் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கைகளிலும் மெஷின் ஊசி குத்திய பழைய தழும்புகள் இருந்தன.

"உடம்புக்கு வந்ததைச் சொல்ல நமக்கு ஒரு வாயும், அதைச் சிரிக்காம கேக்க ஒரு ஆளும் இருந்துட்டாப் போதும், பாதி வியாதி வாசல்லயே நின்னுடும் மேடம்" என்றாள் காலர் அக்கா. "அன்னிக்கு நான் சொன்னதை நீங்க கேட்டீங்க. இப்ப நான் கேக்கறேன். சொல்லுங்க, எந்தக் கிழமை போகலாம்?"